முப்பது நாள் லீவு

பிரான்ஸில் ஒரு மாதம். நாலே ஊர், ஊருக்கு ஒரு வாரம். காலையில் எழுந்து இன்றைக்கு எங்கே ஓடணும் என்ற பதற்றம் இல்லாமல், கடைத்தெருவில் காய்கறி வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, மத்தியானம் தூங்கி, சாயங்காலம் நடக்கிற மாதிரி ஒரு பயணம். திட்டம் போடுகிற எந்த மென்பொருள்காரனையும் போல நானும் முதலில் ஒரு எக்ஸெல் ஷீட்டைத்தான் திறந்தேன். ஊர், தங்குமிடம், ரயில், செலவு, லீவு என்று ஐந்து பத்திகள். முதல் நாலு பத்திகளும் ஒரு வாரத்தில் நிரம்பிவிட்டன. ஐந்தாவது பத்தி மட்டும் பல நாள் காலியாகவே கிடந்தது. அந்தக் காலிப் பத்திக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பாதி என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்தது.

முதலில் திட்டம். லு ஆவ்ர், ரூபே, லியோன், மார்செய். இரண்டு துறைமுகம், இரண்டு நெசவு ஊர். "பாரிஸ் இல்லாம என்னடா பிரான்ஸு?" என்று நண்பர்கள் கேட்டார்கள். ஷேர் ஆட்டோவில் "பாரிஸ், பாரிஸ்" என்ற கூவலைக் கேட்டே வளர்ந்தவனுக்கு அந்தக் குறை இல்லை. பாரிமுனைக்குப் போகிற மாதிரி, ரயில் மாறும்போது பாரிஸையும் பார்த்துக்கொள்ளலாம். லு ஆவ்ர் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து தரைமட்டமாகி, ஒகுஸ்த் பெரே என்ற கட்டடக் கலைஞர் கான்கிரீட்டில் திரும்பக் கட்டிய துறைமுக நகரம். 2005-இல் அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ரூபே, மில்களால் எழுந்து மில்களோடு சரிந்த ஊர். 1932-இல் திறந்த பொது நீச்சல்குளத்தை 2001-இல் அங்கே அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். லியோன் பட்டு நெசவாளர்களின் ஊர். ஜக்கார்ட் தறி பிறந்தது அங்கேதான். துளையிட்ட அட்டையால் தறிக்குக் கட்டளை கொடுத்த அந்த யோசனைதான் பின்னால் கணினிக்கும் வந்தது என்பதால், என் தொழிலுக்கு அது ஒரு வகையில் குலதெய்வக் கோயில். மார்செய், கீழை நாட்டுக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த துறைமுகம். துறைமுகத்துக்கும் மில்லுக்கும் நடுவே வளர்ந்தவன் வேறு எந்த பிரான்ஸைப் பார்க்கப் போவான்?

பிரான்ஸ்காரர்கள் எங்கள் பேட்டைக்கு முன்பே வந்திருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். 1746-இல் லா போர்தோனே தலைமையில் வந்து சென்னையைப் பிடித்தார்கள். 1749-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 1758 டிசம்பரில் லாலி மறுபடி வந்து முற்றுகை போட்டார். அந்தப் பயத்தில்தான் ஆங்கிலேயர்கள் கருப்பர் நகரத்தைச் சுற்றிப் பெரிய மதில் எழுப்பினார்கள். 1770களின் தொடக்கத்தில் அது முடிந்தது. அந்தச் செலவுக்கு வரி போட நினைத்ததன் ஞாபகம்தான் வால்டாக்ஸ் ரோடு. மதிலின் மிச்சம் ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவாக இருக்கிறது. கொத்தளம் என்றால் மதிலிலிருந்து பீரங்கி வைக்கத் துருத்திக் கட்டிய மேடை. மூலக்கொத்தளம் என்ற பெயரிலேயே அந்த மதிலின் ஒரு மூலை உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரன் வராமலிருக்கக் கட்டிய சுவரின் பெயரை விலாசத்தில் எழுதி, பிரெஞ்சு விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்.

விசாவுக்கான காகிதங்களின் பட்டியலைப் பார்த்தபோதுதான் ஐந்தாவது பத்தியின் கனம் உறைத்தது. ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் வரை இருக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். வங்கிக் கணக்கு, தங்குமிடம், திரும்பும் டிக்கெட். இவற்றோடு, வேலை பார்க்கிற இடத்திலிருந்து ஒரு கடிதம்: இன்னார் எங்களிடம் வேலை செய்கிறார், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை அவருக்கு விடுப்பு கொடுத்திருக்கிறோம். ஐரோப்பா என்னிடம் பணம் இருக்கிறதா என்று கேட்பது புரிகிறது. என்னிடம் நேரம் இருக்கிறதா என்றும் அது கேட்கிறது. அந்த நேரம் என்னுடையது என்று வேறொருவர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

எங்கள் பக்கத்திலிருந்து ஐரோப்பா போனவர்களிலேயே பெரிய பெயர் ராமானுஜன். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில், அதாவது எங்கள் வாயில் போர்ட் டிரஸ்டில், 1912-இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்த குமாஸ்தா. அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. போர்ட் டிரஸ்ட் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்தது. கணித மேதையின் கதையில் இந்த விடுப்பு ஒரு வரியில் கடந்து போய்விடும். ஆனால் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்ப்ரிங் மாதிரி ஒரு மேலதிகாரி மனசு வைக்காமல் இருந்திருந்தால், அந்த நோட்டுப் புத்தகங்கள் கணக்குப் பேரேடுகளுக்கு அடியிலேயே கிடந்திருக்கக்கூடும். 1914 மார்ச் 17 அன்று நெவாசா கப்பலில் சென்னையிலிருந்து கிளம்பி ஏப்ரல் 14-இல் லண்டன் சேர்ந்தார். இருபத்தெட்டு நாள். நான் ஊர் சுற்றத் தேடுகிற நேரம் முழுவதும் அவருக்குப் போய்ச் சேரவே ஆயிற்று.

இதே துறைமுகத்திலிருந்து 1931 டிசம்பர் 13 அன்று அம்புவாஸ் என்ற பிரெஞ்சுக் கப்பலில் பெரியார் ஏறினார். உடன் எஸ். ராமநாதனும் ஈரோடு ராமுவும். எகிப்து, கிரீஸ், துருக்கி, சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்ஸ், இத்தாலி என்று சுற்றி, 1932 நவம்பரில்தான் ஈரோடு திரும்பினார். ரஷ்யாவில் மட்டும் சுமார் மூன்று மாதம். தமிழர் ஒருவர் ஐரோப்பாவை நிதானமாகப் பார்த்ததற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவர் சிக்கனத்துக்குப் பேர்போனவர். பணத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தவருக்குக் காலத்தை எண்ண வேண்டியிருக்கவில்லை. ஈரோட்டு வணிகக் குடும்பம், சொந்தப் பத்திரிகை, சொந்த இயக்கம். பதினோரு மாதம் எங்கே போகிறாய் என்று கேட்க மேலாளர் இல்லை.

ராமானுஜனுக்குக் கிடைத்தது அதிகாரியின் தயவு. பெரியாருக்கு இருந்தது சொந்த நேரம். இந்த இரண்டும் இல்லாதவருக்கு என்ன வழி? இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்து ஆட்கள்தான் முதலில் உரக்கக் கேட்டார்கள்.

மூலக்கொத்தளத்திலிருந்து பேசின் பிரிட்ஜைத் தாண்டி மேற்கே போனால் புளியந்தோப்பு, பெரம்பூர். அங்கே பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில்கள். ஜனங்கள் வாயில் பி அண்டு சி மில். 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூற்பாலையில் ஆண்களிடம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்கலாம். 1918-இல் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பி.பி. வாடியாவைத் தேடிப் போனபோது, தொழிலாளர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை. அரை மணி நேரம். அதற்குள் கை கழுவி, சாப்பிட்டு, மறுபடி தறி முன்னால் நிற்கவேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் அதில் இருந்தார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கூலி உயர்வைக் கேட்ட அதே மூச்சில் நிம்மதியாகச் சாப்பிடக் கொஞ்சம் நிமிடங்களையும் கேட்டார்கள் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை.

அந்தக் கதையில் வீரம் மட்டும் இல்லை. 1921 வேலைநிறுத்தம் சாதியால் பிளந்தது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல் வந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. நேரத்துக்கான சண்டையில்கூட எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க முடியவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் இரண்டு இடங்களில் கூட்டம் போட்டார். ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை, இன்னொன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை. இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுதான் முதல் முறை. மீனவக் குடும்பத்தில் பிறந்து வக்கீலானவர் அவர். அன்று வைத்த கோரிக்கைகளில் ஒன்று, மே 1-ஐ அரசு விடுமுறை நாளாக அறிவிக்கவேண்டும் என்பது. ஒரே ஒரு நாள்.

இந்த இடத்தில் என் எக்ஸெல் ஷீட்டின் முதல் ஊரான லு ஆவ்ருக்குப் போகவேண்டும். 1936 மே 1 அன்று வேலைக்கு வராததற்காக, அங்கே ப்ரெகே விமானத் தொழிற்சாலையில் இரண்டு தொழிலாளர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். மே 11-இல் மற்ற தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போகாமல் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த யோசனை நாடெங்கும் பரவியது. ஜூனில் லெயோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு பதவியேற்றபோது லட்சக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஜூன் 20 அன்று சட்டம் வந்தது: தொழிலாளர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. லெயோ லக்ராஞ்ச் என்ற முப்பத்தைந்து வயதுக்காரர் ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பானார். தொழிலாளர்களுக்கு ரயில் டிக்கெட்டில் 40 சதவீதம் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தார். அந்தக் கோடையிலேயே லட்சக்கணக்கானவர்கள் அந்த டிக்கெட்டில் கிளம்பினார்கள். பலர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு அந்த இரண்டு வாரம் வளர்ந்துகொண்டே போனது. 1956-இல் மூன்று, 1969-இல் நாலு, 1982-இல் ஐந்து வாரம். பிரெஞ்சுச் சட்டம் அதை வேலை நாட்களாக எண்ணும்போது ஆண்டுக்கு 30 நாள். அதில் பொதுவாக ஒரே மூச்சில் 24 நாள் வரை எடுக்கலாம். ஆகஸ்டில் அங்கே பாதிக் கடைகள் மூடியிருக்கும் என்று பயணக் குறிப்புகள் எச்சரிக்கின்றன. ரொட்டிக் கடைக்காரரும் லீவில் போயிருப்பார். அதனால்தான் என் பயணத்தைச் செப்டம்பருக்குத் தள்ளினேன்.

இங்கே என்ன ஆயிற்று? 1945-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஓராண்டு வேலை செய்தவருக்குத் தொடர்ச்சியாகப் பத்து நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தார்கள். 1948 சட்டம் அதை ஒரு சூத்திரமாக்கியது: ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால், இருபது நாளுக்கு ஒரு நாள் விடுப்பு. எடுக்காமல் விட்டதில் முப்பது நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். என்னைப் போன்ற அலுவலக ஆட்களுக்கு 1947-இன் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம். ஓராண்டு முடிந்தால் பன்னிரண்டு நாள், சேர்த்து வைத்தால் அதிகபட்சம் இருபத்து நாலு. தற்செயல் விடுப்பும் நோய் விடுப்பும் தனி. பல கம்பெனிகள் இதற்குமேல் கொடுக்கின்றன. சட்டம் சொல்வது தரைமட்டம்.

இப்போது கணக்கைப் போடுவோம். சனிக்கிழமை கிளம்பி, முப்பதாவது நாளான ஞாயிற்றுக்கிழமை திரும்பினால், நடுவில் சனியும் ஞாயிறுமாகப் பத்து நாள் கழிந்துவிடும். வேண்டியது இருபது நாள் லீவு. சட்டத்தின் தரைமட்டத்திலேயே நின்றாலும், இரண்டு ஆண்டு தொடாமல் சேர்த்தால் இருபத்து நாலு. பிரான்ஸ் போகலாம், நாலு நாள் மிச்சம்.

அதே கணக்கை நைனாவுக்கும் போட்டுப் பார்த்தேன். நைனா திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிறு மட்டும் விடுமுறை. முப்பது நாளில் ஐந்து ஞாயிறு போனால் இருபத்தைந்து நாள் லீவு வேண்டும். முன்னூறு நாள் வேலை செய்தால் ஆண்டுக்குப் பதினைந்து, இரண்டு ஆண்டுக்கு முப்பது. சட்டப்படி நைனா ஒரு மாதம் எங்கேயாவது போயிருக்கலாம். அவர் போன நீண்ட பயணம் வேளாங்கண்ணிக்கு மூன்று நாள். "அவ்ளோ லீவ வச்சிக்கினு இன்னாதான் பண்ண நைனா?" என்று கேட்டேன்.

"சரண்டர் பண்ணேன். உன் செமஸ்டர் ஃபீஸு எங்கேர்ந்து வந்துச்சுனு நெனச்ச?"

எடுக்காத லீவைக் காசாக்குவதற்கு எங்கள் வீட்டுப் பெயர் சரண்டர். அந்தச் சொல்லைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். அக்கா கல்யாணத்துக்குச் சரண்டர், மாடி போடச் சரண்டர். போர்க்களத்துச் சொல் எங்கள் வீட்டு வரவுசெலவுக் கணக்கில் உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். நான் வாங்கிய பொறியியல் பட்டம் நைனா பார்க்காத ஊர்களால் ஆனது. பிரான்ஸ்காரர்களுக்கும் 1936-இல் சட்டம் மட்டும் வந்திருந்தால், பலர் அந்த இரண்டு வாரமும் வேறு கூலிக்குப் போயிருப்பார்கள். சம்பள உயர்வும் மலிவு டிக்கெட்டும் கூடவே வந்ததால்தான் கடற்கரை வரை போக முடிந்தது. நேரம் கையில் இருந்தாலும், அதை விற்க வேண்டிய நெருக்கடி இல்லாதபோதுதான் அது லீவு.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்று நினைக்கவும் வழியில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. விரும்பும் தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டிக்க வழி செய்யும் திருத்தம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நாலு நாள் உழைத்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்று அரசுத் தரப்பு சொன்னது. மூன்று நாள் ஓய்வு என்றால் எனக்கும்தான் ஆசை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் ஃபைலிங் போட்டுவிட்டு, போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி பஸ்ஸில் நிற்கிற உடம்புக்கு முதல் நாள் ஓய்வு தூக்கத்திலேயே போய்விடும் என்று நைனா சொன்னார். கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் கடற்கரையில் கூட்டம் போட்டு அன்றோடு சரியாக நூறு ஆண்டு.

சரி, ஐந்தாவது பத்திக்கு வருகிறேன். முப்பது நாள் என்றதும் என் மேலாளர் ஒரு கணம் பேசாமல் இருந்தார். "ஒரே ஸ்ட்ரெட்ச்லயா?" என்றார். நான் இருபது நாளைக் காட்டினேன், யார் என் வேலையைப் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதிக் காட்டினேன். கையெழுத்து வந்தது. திட்டம் போடுகிறவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் இருப்பது இதுதான்: டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் லீவு விதிகளைப் படியுங்கள். எத்தனை நாள் சேரும், எத்தனை நாள் ஒரே மூச்சில் எடுக்கலாம், எப்போது காலாவதியாகும் என்று பாருங்கள். நிதானம் என்பது மனநிலை என்று சொல்வார்கள். எனக்கு அது முதலில் மூன்று எண்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு அந்த எண்கள் இல்லை. மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆள். 240 நாள் தொடுவதற்குள் காண்ட்ராக்டர் மாறுவார், அல்லது பதிவேட்டில் பெயர் புதிதாக ஏறும். 2020-இன் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. நல்லதுதான். பெயர் புதிதாக ஏறிக்கொண்டே இருந்தால், எந்த எண்ணும் தூரம்தான். லீவு எடுத்தால் அன்றைய கூலி இல்லை, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த லீவு விதி. என் பயணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவன், ஈஃபிள் டவரைப் பற்றியோ டிக்கெட் விலையைப் பற்றியோ கேட்கவில்லை.

"ஒரு மாசம் போய்ட்டு வந்தா வேல இருக்குமாண்ணா?"

விசா அலுவலகமும் அந்தக் கடிதத்தைக் கேட்பது இதே கேள்வியைத்தான். என்னிடம் பதிலுக்கு ஒரு தாள் இருக்கிறது. கம்பெனி முத்திரையும் தேதியும் போட்ட ஒற்றைத் தாள். அரை மணி நேரச் சாப்பாட்டுக்காகப் பேசியவர்களும், ஒரு நாள் விடுமுறை கேட்டவரும், லு ஆவ்ரில் இயந்திரங்களுக்கு நடுவே தூங்கியவர்களும் சேர்ந்து எழுதிய தாள் அது. அதில் அவன் பெயர் இன்னும் ஏறவில்லை.